வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிளை

பிப்ரவரியில் ஒரு வாரம்
வெயில் பொய் சொன்னது.
ஆப்ரிகாட் நம்பிவிட்டது.
மரங்களில் அதுதான் அவசரக்குடுக்கை.
பக்கத்து ஆப்பிள்
மொட்டை இறுக மூடிக்கொண்டு
யார் கூப்பிட்டும் எழவில்லை.

மார்ச் கடைசியில், இலை வருமுன்னே
கிளை முழுக்கப் பூ.
ஸ்னோய்மோ ஊர் எல்லையில்
ரயில் பாதையோரம் எங்கள் துண்டு நிலங்கள்.
பேருந்துப் பணிமனையில் இரவு வேலை முடித்து
நேரே இங்கேதான் வருவேன்.
முள்ளங்கிக்கு இரண்டு இலை,
பட்டாணிக்கு ஒரு பற்றுக்கம்பி,
கீரைப் பாத்தியில் நத்தை இழுத்த வெள்ளிக்கோடு.

ஏப்ரல் ஐந்து. துடைத்துவைத்த வானம்.
காற்றே இல்லை. அதுதான் பயம்.
கிளையில் கட்டிய வெப்பமானி
பத்து மணிக்கு ஒன்று,
நள்ளிரவில் சுழியம்,
மூன்றரைக்கு மைனஸ் நான்கு.
பழைய படுக்கை விரிப்புகளும்
கல்யாணத்துக்கு வந்த திரைச்சீலையும்
லெட்டூசுக்கும் கோல்ராபிக்கும் போயின.
மரத்துக்குப் போர்த்த
யார் வீட்டில் துணி இருக்கிறது?

வேலிக்கு அந்தப் பக்கம் ஓட்டகார்.
மூன்று வருடமாகப் பேச்சில்லை.
என் மரம் அவர் நிலத்துக்குள் கைநீட்டுகிறதாம்,
அவர் வெங்காயத்தின் வெயிலைத் தின்கிறதாம்.
அந்தக் கிளையை அறுக்கச் சொல்லிக்
கடிதம் போட்டார்,
பதிவுத் தபாலில்,
பத்தடி தூரத்துக்கு.

அன்றிரவு அவர்
தகரடப்பாக்களில் திராட்சைக் கழிகளையும்
ஈர வைக்கோலையும் திணித்துக் கொளுத்தினார்.
தன் பீச் மரத்துக்காகத்தான்.
புகை மேலே போக வழி தெரியாமல்
வேலியோரமே படுத்துக் கிடந்தது.

காலையில் ஒரு பூவை நகத்தால் பிளந்தேன்.
இதழெல்லாம் அப்படியே வெள்ளை.
நடுவில் சூலகம் மட்டும்
எரிந்த தீக்குச்சி.
இன்னொன்று. இன்னொன்று.
நாற்பதோடு நிறுத்திவிட்டேன்.
தேனீக்களுக்கு யாரும் சொல்லவில்லை.
ஒன்பது மணிக்கு வந்து
செத்த பூக்களில் மும்முரமாக வேலை பார்த்தன.

பட்டாணிக்கு ஒன்றும் ஆகவில்லை.
ருபார்ப் அந்தக் குளிரைக்
குடித்து வளர்ந்ததுபோல் நின்றது.
தக்காளி நாற்றுகளை நான்
சமையலறை ஜன்னலைவிட்டு இறக்கவே இல்லை.
பங்க்ராட்ஸ், செர்வாட்ஸ், போனிஃபாட்ஸ்,
மே நடுவில் வரும் பனிப் புனிதர் மூவரும்
ஊரைக் கடந்தால்தான்
இங்கே தக்காளி வாசல் தாண்டும்.
இந்த வருடம் அவர்கள்
வியர்க்க வியர்க்க வந்தார்கள்.
நாற்றுகள் அதற்குள் ஜன்னலில்
கால் நீண்டு, வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து.

ஜூலை. மரம் முழுக்கத் தேடிப் பதினொரு பழம்.
பதினொன்றும்
அறுக்கச் சொன்ன அந்தக் கிளையில்.
எங்கள் சட்டப்படி
மரம் என்னுடையது, விழுந்தது அவருடையது.
காலையில் வேலியருகே நான் நிற்பேன்.
அவரும் வெங்காயம் பார்ப்பதுபோல் நிற்பார்.

நேற்று ஒன்று விழுந்தது.
குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார்.
முழுதாகத் தின்று முடித்துக்
கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு,
“கொஞ்சம் புளிப்பு” என்றார்.

“நாலு நாள் பொறுத்திருக்கணும்” என்றேன்.