நாலுமா

ஓலசுந் துறைமுகத்தில் ஆலங்கட்டி பெய்து ஓய்ந்த ஒரு செவ்வாய்.
மீன்வள ஆய்வாளர் ஈதார்
பிசின்தாளில் அச்சாகி வந்த ஒரு மீட்டர் பட்டையை
எஃகு அளவுகோலின் பக்கத்தில் கிடத்திப் பார்த்திருக்கிறார்.
பூஜ்யத்தில் இரண்டும் தோளோடு தோள்.
நாற்பத்துநாலில்,
காட் மீனின் வால் வந்து முடிய வேண்டிய இடத்தில்,
பட்டை மயிரிழை முந்திக்கொள்கிறது.
நூறில்
முழுசாய் ஒரு மில்லிமீட்டர் முன்னமே நின்றுவிடுகிறது.

அவர் கடிதத்தில் ஒரே வரி:
"உங்கள் மீட்டர் ஒரு மீட்டர் இல்லை."

மூன்றாம் மாடியில் தோருன் முதலில் தாளைச் சந்தேகித்தாள்.
பிறகு உருளையை.
ரப்பர் தேய்ந்திருக்கும் என்று
அச்சுப்பொறியின் வாயைத் திறந்து டார்ச் அடித்தாள்.
பிறகு ஈதாரையே.
மீன் நெளியும், வழுக்கும், செத்த பின்னும் சுருங்கும்.
அரை மில்லிமீட்டருக்கா இத்தனை?

மூன்றரைக்கே இருட்டிவிட்ட ஜன்னலருகில்
நிரலைத் திறந்தாள்.
டிபிஐ சமம் இருநூற்று மூன்று.
முழு எண்.
ஒன்பது வருடமாய் யாரும் கை வைக்காத வரி.

அச்சுத் தலைக்கு அங்குலம் தெரியாது.
அதன் பற்கள் மில்லிமீட்டருக்கு எட்டு,
எட்டே எட்டு.
அதை இருபத்தைந்து புள்ளி நான்கால் பெருக்கினால்
இருநூற்று மூன்று வரும்,
பின்னாலேயே ஒரு புள்ளி,
புள்ளியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் இரண்டு.
விற்பனைத் தாளில் இடம் போதாமலோ
வாயில் நுழையாமலோ
யாரோ அந்த இரண்டை இறக்கிவிட்டார்கள்.
முழு எண் என்கிற பெட்டி
வந்திருந்தாலும் அதை வாசலிலேயே நிறுத்தியிருக்கும்.

ஐந்தில் ஒன்று.
நாலுமா என்று அதற்கொரு பெயர் உண்டு,
தோருனுக்குத் தெரியாத மொழியில்.
எனக்கே அகராதியில்தான் கிடைத்தது.

அவள் ஒற்றை எண்ணை எடுத்துவிட்டு
இரண்டாய் வைத்தாள்:
மேலே ஆயிரத்துப் பதினாறு, கீழே ஐந்து.
வகுக்காதே,
தாளைத் தொடும்வரை வகுக்காதே
என்று பக்கத்தில் ஒரு குறிப்பு.
சோதனைகளை ஓடவிட்டாள்.
பதினேழு சிவப்பு.

மீன்பெட்டிச் சீட்டுகள் எல்லாம் இப்போது நீளம்.
தப்பான எண்ணில் அவை எப்படிச் சரியாய் இருந்தன?
ஆறு கோப்புகள் தள்ளி அகப்பட்டது ஒரு சின்னச் சுழல்:
நூற்று இருபத்தேழு மில்லிமீட்டருக்கு ஒருமுறை
ஒரு புள்ளியைக் கூட்டு.
அதன் தலைமாட்டில்,
"ஏன் என்று தெரியவில்லை. இப்படிச் செய்தால் சரியாக வருகிறது. மன்னிக்கவும். ப்யா.ரூ."

நூற்று இருபத்தேழு.
ஐந்து அங்குலம்.
ஐந்து நாலுமா சேர்ந்தால் ஒன்று.

லென்சும் கூர்த்த பென்சிலுமாய்
இந்த ஆள் எத்தனை சீட்டுகளை எண்ணியிருக்க வேண்டும்!
பின்னத்தின் முகத்தையே பார்க்காமல்
அதன் காலடியை
இம்மி பிசகாமல் அளந்திருக்கிறார்.
பிறகு மன்னிப்பும் கேட்டிருக்கிறார்.

யார் என்று விசாரித்தாள்.
படகுச் சேவையில் டிக்கெட் சரிபார்க்கிறார் என்றான் ஒருவன்.
இல்லை, பெர்கனில் பல் மருத்துவர் என்றாள் இன்னொருத்தி.
கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்றால்
நிரலில் எல்லார் கையெழுத்தும் ஒன்று.

சுழலை அழித்தாள்.
பதினேழும் பச்சை.
மாற்றத்தின் குறிப்பில், என்ன மாற்றம் என்று எழுத வேண்டிய இடத்தில்,
"ப்யா.ரூ. அளந்தது சரி" என்று மட்டும் எழுதிவிட்டுக்
கோட்டை மாட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை பட்டை வந்தது,
எண்ணாயிரம் புள்ளி.
ஈதார் எஃகின் பக்கத்தில் கிடத்தினார்.
நூறுக்கு நூறு.
நல்லது என்று சொல்லவில்லை, தலையைச் சொறிந்தார்.
எதற்கும் இருக்கட்டும் என்று
ஒரு சிறு மீனைப் பலகையில் வைத்துக்
கண்ணாடியைத் துடைப்பதற்குள்
இறங்கிற்று ஒரு கடற்புறா.
மீன் போன இடத்தில் ஈரம்,
ஈரத்துக்கடியில் கோடுகள் அழியாமல்.
பறவையிடம் இருந்தது
ஒரே ஓர் அலகு.