உருவமும் பின்னணியும்

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது.
நகர்வதா வேண்டாமா என்று
சரக்கு ரயில் இன்னும் முடிவெடுக்கவில்லை.
ஷேர் ஆட்டோவில் ஏழாவது ஆளாக
ஒரு தொடையில் மட்டும் உட்கார்ந்து
தொலைதூரக் கல்வியின் முதல் தாளைப் புரட்டுகிறேன்.
உளவியல் அறிமுகம். அலகு இரண்டு. சிந்தனைப் பள்ளிகள்.

பொருளின் பெயரைச் சொல்லாதே,
உணர்வதை மட்டும் சொல் என்றார்கள்
முதல் பள்ளிக்காரர்கள்.
சரி. பக்கத்து மடியில் இருப்பது
ஈரம். குளிர். சாம்பலில் ஒரு மினுக்கம்.
மூக்கின் உட்புறத்தில் உப்பு.
"இன்னா முணுமுணுக்கிற, வவ்வாலு மீனு.
எறங்குனதும் வாங்கிக்கோ" என்கிறாள் கூடைக்காரி.
அந்தப் பள்ளி ஏன் நீடிக்கவில்லை என்று புரிகிறது.

அடுத்து வந்தவர்கள்
மனசைக் கறுப்புப் பெட்டி என்று பூட்டிவிட்டு
மணியையும் எச்சிலையும் எண்ணினார்கள்.
இவர்களை எனக்குப் பிடிக்கும்.
மணலி ரோட்டில் நான் எடைமேடை கிளார்க்.
லாரிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை;
ஏறும்போது எவ்வளவு,
இறக்கிவிட்டு வரும்போது எவ்வளவு, அவ்வளவுதான்.

தம்பி எபினேசரையும் அப்படித்தான் எடை போட்டிருந்தேன்.
டிரெய்லர் ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப்
எங்கே கேட்டாலும் ஓரடி பின்னால் வைப்பான்.
எதிர்வீட்டுப் பிள்ளையின் பொம்மைக் கார் கத்தினாலும்.
யார்டில் அது நடந்ததிலிருந்து, மூன்று வருஷமாக.
தூண்டல், துலங்கல் என்று நோட்டில் அம்புக்குறி போட்டு
உதாரணம் என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியிருந்தேன்.

கனவைத் தோண்டுகிறவர்கள்
அம்மாவிடமிருந்து தொடங்கச் சொல்கிறார்கள்.
அம்மா பாமாயிலுக்கு ரேஷன் க்யூவில் நிற்கிறாள்.
தொந்தரவு செய்யவில்லை.
பிரமிட்டின் உச்சியில் தன்னிறைவு என்று போட்டிருக்கிறது.
எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி
விடிகாலை மூன்று மணிக்கு வருகிறது.
அடித்தட்டைத் தாண்டவே ஆறு குடம் வேண்டும்.

நினைப்பை மாற்று, பயம் மாறும் என்று ஒரு பள்ளி.
எதையும் மாற்றாதே, குறுக்கிடாமல் கேள் என்று இன்னொன்று.

நேற்று ராத்திரி கேட்டேன்.
"அந்த சவுண்டு வந்தா இன்னாடா தோணுது உனக்கு?"
"ஒண்ணும் தோணல. டீ ஆறுது, குடி."

குடித்தேன்.
தெருமுனையில் குப்பை வண்டி ரிவர்ஸ் எடுத்தது.
ஓரடி பின்னால்.
அது எனக்கு மனப்பாடம் என்பதால்
இந்த முறை காலைப் பார்க்கவில்லை.
டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு
அவன் வலது கை பேண்ட் பாக்கெட்டுக்குள் போனது.
துணிக்குள் விரல்கள் மடங்குவது தெரிந்தது.
சத்தம் நிற்கும்வரை
கை வெளியே வரவில்லை.

அன்று யார்டில்
வா வா வா என்று டிரெய்லருக்குக் கை காட்டியவன் அவன்.
சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவில்
குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தவர் தணிகாசலம்.
இது யார்டுக்கே தெரியும்.
எனக்கும் தெரியும்.
மூன்று வருஷமாகக் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அலகின் கடைசிப் பக்கத்தில் ஒரு படம்.
நடுவில் வெள்ளைக் கோப்பை. இல்லை,
எதிரெதிரே இரண்டு கறுப்பு முகங்கள்.
இரண்டையும் ஒரே நேரத்தில் காண இயலாது என்று
கீழே பொடி எழுத்தில் இருக்கிறது.

ரயிலின் வால் தெரியும் முன்பே
எல்லா வண்டிகளும் ஸ்டார்ட் ஆகின்றன.
கேட் இன்னும் தூக்கவில்லை.
கூடைக்காரி மூடியை அழுத்திப் பிடிக்கிறாள்.
நானும் கம்பியைப் பிடித்துவிட்டேன்.

பத்தரை மணிக்கு ஹாலில் அதுவே வந்தது.
உருவம், பின்னணி: படத்துடன் விளக்குக. ஐந்து மதிப்பெண்.
ஒரு பாக்கெட் வரைந்தேன்,
உள்ளே கை இருப்பது வெளியே தெரியாதபடி.
திருத்துகிறவர் கோப்பை என்று எடுத்துக்கொண்டால்
மார்க் விழும்.