முதுகுப் பக்கம்

சிரிப்பைப் பார்த்து விலை சொல்வதில்லை நான்.
கவிழ்த்துப் பார்ப்பேன்.
முடியைத் தேடி மேலே போனவர்கள் பொய் சொல்லலாம்;
என் பிழைப்பு அடியில்.

லியேஜ் நகரம், மியூஸ் ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடி.
மின்தூக்கி வேலை செய்யவில்லை.
பல் மருத்துவர் திரியோன் ஜனவரியில் இறந்துபோனார்.
காத்திருப்பு அறையில் அறுபத்தொரு கோமாளிகள்,
குழந்தைகள் பயப்படாமல் இருக்க வாங்கி வைத்தாராம்.
இதைச் சொன்ன மகன் அன்செல்முக்கு ஐம்பத்திரண்டு வயது.
நிலைப்படியைத் தாண்டி அவர் உள்ளே வரவில்லை.

கண்ணாடியில் ஒன்பது.
ஊதுகுழாயிலிருந்து அறுத்த இடத்தில்
தழும்பு இருக்க வேண்டும், தொப்புள் மாதிரி.
ஆறுக்கு இருந்தது.
மூன்று, தொப்புள் இல்லாமல் பிறந்தவை:
காதிலிருந்து காதுக்கு அச்சின் தையல்.
ஆறுக்கும் சேர்த்து நூற்றெண்பது யூரோ,
மூன்றுக்கும் பொட்டலம் கட்டும் தாளின் விலை.

ஓவியங்கள் பதினான்கு.
எல்லோருக்கும் ஒரே கண்ணீர், இடது கன்னத்தில், ஒரே இடத்தில்.
சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தேன்.
வார்னிஷுக்கு மேலே ஏறி நிற்கும் கையெழுத்து
விருந்து முடிந்தபின் வந்த ஆள்.
சட்டங்களுக்கு மட்டும் விலை போட்டேன்.

பிறகு அது. பீங்கான்.
பெஞ்சில் அமர்ந்து, கிழிந்த குடையைத்
தனக்குப் பிடிக்காமல் நாய்க்குப் பிடித்தபடி.
புற ஊதா விளக்கில் மூக்கு மினுங்கவில்லை,
ஒட்டுப்போட்ட விரல் ஒன்றுகூட இல்லை.
அடியில் நீலக் கிரீடம்.
கிரீடத்தை யார் வேண்டுமானாலும் வரையலாம், தெரியும்;
இருந்தாலும் நாயின் ஈர மூக்கு என்னை ஏமாற்றியது.
எழுநூறு என்று எழுதப் போனேன்.

"குடைக்காரனா?"
வாசலிலிருந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே கேட்டார்.
"இடது குதிகாலுக்குக் கீழே முடி மாதிரி ஒரு விரிசல்.
கிரீடத்துக்கு மூன்று முனை."

எண்ணினேன். ஐந்து.
விரிசல் இல்லை.

"அப்படியானால் அது இவன் இல்லை."

ஏழு வயதில், பள்ளிக்கூடம் விட்டதும்,
அப்பா உள்ளே யாருடைய பல்லையோ பிடுங்கும் நேரத்தில்
ஒவ்வொன்றாகக் குப்புறப் படுக்க வைப்பாராம்.
முகம் தெரியாது. பாதம் தெரியும்.
அறுபத்தொரு அடிகளும் மனப்பாடம்.
அவர் சொல்லச் சொல்ல நான் சரிபார்த்தேன்:
மெழுகு ஒட்டிய வட்டம், பென்சிலில் பதினேழு,
பச்சைக் கம்பளிக்குக் கீழே ஒளித்த உடைசல்.
பத்தொன்பது வருடத் தொழிலில்
இப்படி ஒரு பட்டியல் என் கைக்கு வந்ததில்லை.
எழுதியது பயம்.

எப்போது மாறியிருக்கும்? யார் விற்றார்கள்?
"பன்னிரண்டு வயதில் என்னை நமூரில் விடுதியில் போட்டார்கள்.
அதன்பின் யாரும் இவர்களைக் கவிழ்க்கவில்லை."

எழுநூறை அடித்து முப்பத்தைந்து என்று எழுதினேன்.

மொத்தம் கேட்டார்.
ஐந்நூற்று நாற்பது, ஏலக் கழிவு போக.
சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை.
"அவ்வளவுதானா," என்றார்,
ஐந்து வருடம் கட்டிய வட்டியை
இப்போதுதான் கூட்டிப் பார்ப்பவர் போல.
அதற்கு என் படிவத்தில் கட்டம் கிடையாது.

பிறகு செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தார்.
போலியைக் கையில் எடுத்தார்.
அடியைப் பார்க்கவில்லை, நிமிர்த்திப் பிடித்தார்,
கண்ணுக்கு நேரே.

"அசலுக்கும் கண் பழுப்புதானா?"

அவருக்குத் தெரியாது.
என் கையிலிருந்த போலியைப் பற்றிக் கேட்டிருந்தாலும்
எனக்கும் தெரிந்திருக்காது.