ஏற்க மறுப்பு

புழங்காததற்கு விலையில்லை.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துமூன்றின்
கடைசி மாதங்களில் அச்சான ஜெர்மன் தபால்தலைகளுக்கு
இதுதான் கணக்கு.
பசைகூட மாறாமல் கட்டுக்கட்டாய்க் கிடைக்கின்றன.
ஐந்நூறு கோடி மார்க்கை
அரை யூரோவுக்கு வாங்கி
காப்பிக் கோப்பைக்கு அடியில் வைக்கலாம்.

முத்திரை விழுந்ததுதான் அரிது.
அந்த விலைக்கு அர்த்தம் இருந்த
நாலைந்து நாளுக்குள்
யாரோ நாக்கில் நனைத்து ஒட்டி
எங்கோ அனுப்பியிருக்க வேண்டும்.
அதனால் பொய் முத்திரை குத்துகிறவர்களும் உண்டு.
எங்கள் கெர்லிட்ஸ் சங்கத்தில் ஹார்ட்விக்
பூதக்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினால்
மேசையில் ஒரு முகமாவது வெளுக்கும்.

நான் பல் மருத்துவமனை உதவியாளர்.
இடுக்கி கைக்குப் பழக்கம்.
ஞாயிறுகளில் சன்னலைத் திறந்துவைத்து
கறுப்புத் தட்டில் பென்சீன் ஊற்றி
ஒவ்வொன்றாய்க் குப்புறக் கிடத்துவேன்.
தாளுக்குள் இருக்கும் வலைப்பின்னல் நீர்க்குறி
ஒரு மூச்சு நேரம் மேலே வரும்.
பிறகு உலர்ந்து
ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கும்.
மாடிவீட்டு லோபெடான்ஸ் கத்துவார்:
"காரைச் சமையலறையிலா நிறுத்தியிருக்கிறீர்கள்?"

இந்த உறையை மட்டும் தட்டில் இட முடியவில்லை.
நைஸ ஆற்றங்கரைச் சந்தையில்
பிஸ்கட் டப்பாவின் அடியில் கிடந்தது.
நூறு கோடித் தலைகள் பத்து, பழுப்பு நிறம்,
முன்னால் நாலு, பின்னால் ஆறு,
ஒன்றின் தோளில் ஒன்று ஏறி.
அனுப்பியவர் எட்வின் வோப்ஸ்ட், சிட்டாவ்.
பெறுபவர் ஒட்டீலியே க்ராம்பிட்ஸ், பாவ்ட்ஸென்.
பத்தொன்பதாம் தேதி ராத்திரி பெட்டியில் போட்டிருப்பார்.
முத்திரை இருபது, காலை ஏழு மணி.
இடையில் தூங்கி எழுந்த நாட்டில்
கடிதக் கட்டணம் இரண்டாயிரம் கோடி ஆகியிருந்தது.

நீலப் பென்சிலில் ஒரு வட்டம்: குறைவு.
கீழே இன்னொரு கை: ஏற்க மறுப்பு.
பணமில்லையா, மனமில்லையா,
பென்சில் அதைச் சொல்லாது.
திரும்பி வந்ததை வோப்ஸ்டும் பிரிக்கவில்லை.
உள்ளே என்ன என்று அவருக்குத் தெரியுமே.

எனக்குத் தெரியாது.
நடுவில் ஏதோ தடித்திருந்தது.
விரலுக்குத் தட்டுப்பட்டு நழுவியது.
ஆவி காட்டித் திற, என்றார் ஹார்ட்விக்,
உள்ளே கடிதம் இருந்தால் விலை இரட்டிக்கும்.

புதன்கிழமை, கடைசி நோயாளி போனபின்
உறையை எக்ஸ்ரே தகட்டின்மேல் வைத்தேன்.
பெயர் கொடுக்காமல் கணினி படம் எடுக்காது.
க்ராம்பிட்ஸ், ஒட்டீலியே, என்று தட்டினேன்.
விட்டுப்போன குடைக்காகத் திரும்பி வந்த டாக்டர் ட்ஸ்ஷுங்கே
கதவில் நின்று கேட்டார்,
"யார் இது, அவசரமா?"
"இல்லை, நூறு வருஷமாய்ப் பொறுத்திருக்கிறார்."
அவர் குடையை மறந்து திரையருகே வந்தார்.

ஒரு பொத்தான்.
நாலு துளை, விளிம்பில் சிறு விரிசல்.
கோட்டுப் பொத்தானாக இருக்கும்.
சுற்றிலும் மடித்த தாளின் மங்கிய ஓரம்.
மையில் எழுதியிருந்தால் எக்ஸ்ரேயில் வராது.
"சொத்தை இல்லை," என்றார் டாக்டர்
வெகுநேரம் கழித்து.

உறை இப்போது அமிலமற்ற உறைக்குள்
செங்குத்தாய், வெளிச்சம் படாமல்.
பக்கத்தில் ஈரப்பதமானி, ஐம்பதில் முள்.
கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டுக்கும் சேர்த்து
அந்துருண்டை வைக்கலாமா என்றுகூட ஒருநாள் யோசித்து
வேண்டாம் என்று விட்டேன். பசைக்கு ஆகாது.

ஆறு மாதம் கழித்து
கணினி தானாக ஒரு அட்டை அச்சிட்டு அனுப்பியிருக்கிறது.
அன்புள்ள திருமதி க்ராம்பிட்ஸ்,
பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது.
உறையில் இருந்த முகவரியைத்தான்
அன்று நான் நிரப்பியிருந்தேன்.

பாவ்ட்ஸென் போய்த் திரும்பி வந்தது.
மஞ்சள் ஒட்டுத்தாளில்: பெறுபவரைக் காணவில்லை.
தபால்தலை இல்லை, எந்திர முத்திரைதான்,
கட்டணம் சரியாக இருந்தது.
ஹார்ட்விக்கிடம் காட்டவில்லை.
பொத்தானுக்குப் பின்னால்
அதே உறையில் வைத்திருக்கிறேன்.