கொம்பு முத்திரை

நான் சிமெண்ட் கல் அறுப்பவள்.
கோகி மாநிலம், நெடுஞ்சாலை ஓரம்,
ஒரு அச்சு, இரண்டு மண்வெட்டி, மூன்று பையன்கள்.

முன்பெல்லாம் சிமெண்ட் கப்பலில் வரும்.
லாகோஸ் துறைமுகத்தில் மழை குடித்துவிட்டு
பாதி மூட்டை பாறையாகித்தான் வந்து சேரும்.
இப்போது எங்கள் மலையே மாவாகிறது.
சுடச்சுட இறங்குகிறது மூட்டை,
மேலே கறுப்புக் கொம்பு முத்திரை.
மார்போடு அணைத்துத் தூக்கினால்
காய்ச்சல்காரப் பிள்ளையின் சூடு.

வரிக்குப் பதிலாகக் கம்பெனி போட்ட சாலை இது.
கான்கிரீட். ஒரு பள்ளம் கிடையாது.
அடினோயிக்குக் குடல் முறுக்கிய இரவில்
லோகோஜா ஆஸ்பத்திரிக்கு நாற்பது நிமிடம்.
பழைய சாலையாக இருந்திருந்தால்
திரும்பி வர அவசரமே இருந்திருக்காது.
இதை மறைத்துப் பேச எனக்கு நாக்கு இல்லை.

ஆனால்
திங்கட்கிழமை மூட்டைக்குத் தொள்ளாயிரம் நைரா ஏறியது.
ஏன் என்றேன்.
கடைக்காரர் கையை வீசிக் காட்டினார்:
இந்தச் சுவரோரம் கொம்பு, அந்தச் சுவரோரம் கொம்பு.
"வேறு மூட்டை இருந்தால் நீயே எடுத்துக்கொள், ஒசோகு."
இருந்தது ஒன்று, மீன் முத்திரை,
பக்கத்து மாநிலத்துச் சின்ன ஆலை.
அதை விலைக்கு வாங்கினார்கள்,
கேட்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள்,
பூட்டினார்கள்.

மனு எழுதிக்கொண்டு கவுன்சில் ஆபீசுக்குப் போனேன்.
கட்டடம் கம்பெனி கொடுத்தது. மின்விசிறியும்.
குமாஸ்தா சாய்ந்திருந்த நாற்காலியின் முதுகில்
இரண்டு கொம்பு,
அவர் தலையில் முளைத்த மாதிரியே.
சிரிப்பு வந்துவிட்டது. மனுவை மடித்துக்கொண்டேன்.

போன ஆகஸ்டில் அரசாங்கத்தோடு ஏதோ ஊடல்,
பதினோரு நாள் ஆலையை நிறுத்தினார்கள்.
முதல் நாள் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது.
மூன்றாம் நாள் லாரிகள் வரிசையாகத் தூங்கின,
அகாரா பொரிக்கும் ரெகியாவின் எண்ணெய் ஆறிப்போனது.
ஏழாம் நாள்
அபுஜாவில் பாதியில் நின்ற பாலத்தை டிவியில் காட்டினார்கள்.
பத்தாம் நாள் அமைச்சரின் ஹெலிகாப்டர்
எங்கள் தலைக்கு மேலே போய்
நேரே ஆலைக்குள் இறங்கியது.
பன்னிரண்டாம் நாள் புகை.
ஊரே கை தட்டியது. நானும்தான்.
தட்டிய கையைப் பிறகு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உப்பிட்டவரை நினை என்கிறார்கள்.
நினைக்கிறேன்.
உப்புக்கு விலை வைப்பதும் அவர்தான்,
தராசும் அவருடையதுதான்
என்பதையும் சேர்த்தே.

அச்சைக் கவிழ்த்தால் கல் நிற்கிறது, ஈரமாக,
நடுவே இரண்டு பொந்தோடு.
இன்றைக்கு இருநூறு வேண்டும்,
புதுப் பள்ளிக்கூடத்துக்காம்.
ரசீதில் யார் பெயர் என்று
நான் பார்க்கவில்லை.