ஆறு டிகிரியில் ஒரு பந்து

ஏழு பத்துக்கு எங்கள் முறை. இப்போது எட்டேகால்.
முதல் குழியின் கொடி
எதிரே எங்கேயோ இருக்கிறது என்று
எல்லோரும் ஒப்புக்கொண்டு நிற்கிறோம்.

லாடோ சராய் மைதான வாசலில்
தேஷ்ராஜ் முட்டை அட்டைகளை விரித்திருக்கிறான்.
அட்டைக்கு முப்பது பந்து.
குளத்தில் முங்கி எடுத்தவை, புதரில் பொறுக்கியவை,
பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சேறு போக்கியவை.
கெட்டிப் பந்து ஐம்பது, மெத்தென்றது நாற்பது,
மஞ்சள் என்றால் பனி விலை, அறுபது.

குளிரில் பந்து இறுகும்.
போன ஜனவரியில்
மாற்றலாகிப் போன அதிகாரி தந்த உயர்ந்த ரகத்தை அடித்தேன்.
அம்மியில் கரண்டி மோதிய சத்தம்.
மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மின்சாரம்.
பந்தோ,
விருந்துக்கு வர மனமில்லாத சம்பந்தி மாதிரி
நூற்றுப்பத்து கஜத்தில் உட்கார்ந்துவிட்டது.
ஜூனில் அதே அடி நூற்றுமுப்பது போகும்.

வோஹ்ரா சார் வீசினால் காற்று கிழியும்.
அவருக்குக் கல்லும் பந்துதான்.
என் வீச்சு, தணிக்கைக் குறிப்பு எழுதுகிற வேகம்.
அதனால் மெத்தென்றதைத் தேடுகிறேன்,
தேங்காய் வாங்குகிறவள்போல்
இரண்டிரண்டாய்க் காதருகே தட்டி.
வோஹ்ரா சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

நேற்றிரவு மூன்று பந்துகளை
இட்லி மாவுப் பாத்திரத்தோடு சேர்த்து
ரஜாய்க்குள் சுற்றி
ஹீட்டருக்கு ஓரடி தள்ளி வைத்தேன்.
காலையில் மாவு பொங்கவில்லை.
பந்துகள் வெதுவெதுவென்று இருந்தன.
ஆட்டோ மெஹ்ரோலி திரும்புவதற்குள்
அதுவும் போயிற்று.
ஆட்டத்தின் நடுவே பந்தைச் சூடேற்றினால் குற்றம்.
பைக்குள் கையை வைத்துக்கொண்டு நடப்பதைப் பற்றி
இன்றுவரை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது அட்டை, ஓர வரிசை.
வெள்ளைப் பந்தில் கறுப்பு மையில்
ழ.

அந்தச் சுழிப்பு என் கைதான்.
மற்றவர்கள் புள்ளி வைப்பார்கள்,
பெயரின் முதல் எழுத்தை வைப்பார்கள்.
இந்த ஊரில் ஒருவராலும்
தன்னுடையது என்று சொல்ல முடியாத எழுத்து
என்றுதான் இதை வைத்தேன்.
ஜூனில் ஏழாவது குழிக் குளம் விழுங்கியது.

"அந்த ஜலேபியா?" என்றான் தேஷ்ராஜ்.
"எட்டு கிடைத்தது, ஏழு விற்றாயிற்று.
யாரோ ஒருத்தர் நிறையத் தொலைக்கிறார்."

நாற்பது கொடுத்தேன். பேரம் பேசவில்லை.
மாதக்கணக்கில் தண்ணீரில் ஊறியது
குளிருக்கு ஆகாது, பாதி வழியில் செத்து விழும்.
தெரியும்.
அறுபது கொடுத்து மஞ்சளும் ஒன்று.

எட்டரைக்கு ஒரு கொடி முளைத்தது,
பிறகு அதன் கம்பு,
பிறகு அதைச் சுற்றிக் கொஞ்சம் புல்.

மஞ்சளை ஊன்றி அடித்தேன். தொப்பென்று ஒரு சத்தம்,
தலையணை தரையில் விழுந்த மாதிரி.
கை வலிக்கவில்லை.
பந்து பனிக்குள் நுழைந்தது.
நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.
அந்தப் பக்கமிருந்து கேடியின் குரல்:
"மிலா!"
நூற்றிருபது இருக்கும். அந்தப் பத்து கஜத்துக்கு
நானே எனக்கு மனசுக்குள் கை தட்டிக்கொண்டேன்.

க்ரீனில் வோஹ்ரா குனிந்து
தன் பந்தை எடுத்து, துண்டால் துடைத்து,
என் பக்கம் நீட்டிக் காட்டினார்.

"இதைப் பாருங்கள், ஜப்பான் கம்பெனி.
முத்திரையே அழகாக இல்லை?
குளிருக்கு இதை விட்டால் வேறு கிடையாது."

அழகுதான் என்றேன்.
இடது பைக்குள் என் ஜலேபி
இன்னும் ஜில்லென்றுதான் இருந்தது.