சோதனைச் சாவடி, வேலந்தாவளம்

இந்த ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால்
முதலில் வருவது அப்பாவின் கையெழுத்து.
வண்டி எண், சரக்கு, எடை, போகுமிடம்.
தக்காளி, நூற்றிருபது பெட்டி, பாலக்காடு.
வைக்கோல். கோழி. மறுபடி தக்காளி.

ஆடியில் கணவாய்க் காற்று தாளைப் பிய்க்கும்.
கருங்கல் துண்டொன்றை மேலே வைத்திருப்பார்.
"சாரே, இந்தக் கல்லு அங்கத்ததா இங்கத்ததா?"
கொழிஞ்சாம்பாறை சைதலவி
லாரியிலிருந்து இறங்காமலே கேட்பான்.

நான் பிறந்த இரவு அவருக்கு டூட்டி.
சேதி வந்தது வாழைத்தார் வண்டியில்.
சரக்குக் கட்டத்தில் 'பெண்' என்று எழுதி,
எடை இரண்டே முக்கால் கிலோ,
போகுமிடத்தைக் காலியாக விட்டாராம்.
மேலதிகாரி சிவப்பு மையில் சுழித்து
விளக்கம் கேட்டாராம்.

சைதலவி சொன்னதுதான் இவ்வளவும்.
அம்மா நம்பவில்லை:
"மெமோன்னா காய்ச்சல் வர்ற மனுசன்,
அவராவது எழுதறதாவது."

பார்த்துவிடலாம் என்று போனேன்.
வரி மாறிய வருடமே சாவடியைப் பூட்டிவிட்டார்கள்.
வாசலில் இளநீர்க் கடை.
பதிவேடெல்லாம் எடைக்குப் போனது,
கிலோ ஒன்பது ரூபாய்.

கல் கிடந்தது, கதவு ஆடாமல் முட்டுக்கொடுத்து.
எடுத்துக்கொண்டேன்.
என் பின்னால் கதவு
அடித்துக்கொண்டே இருந்தது,
அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்.